நத்தைக் கல்லும் எட்டு மணி பஸ்ஸும்

என் மேசையில் ரசீதுகள் காற்றில் பறக்காமல் இருக்க ஒரு கல் வைத்திருக்கிறேன். உள்ளங்கைக்குள் அடங்கும் அளவு, பழுப்பு நிறம், நத்தை போலச் சுருண்டிருக்கும். நத்தை போல என்ன, நத்தையேதான். அரியலூர்ப் பக்கம் ஒரு காலத்தில் கடலாக இருந்ததாம். அதில் கிடந்த நத்தையும் சங்கும் சிப்பியும் மண்ணுக்குள் கல்லாகிவிட்டனவாம். வீட்டுக்கு வருகிறவர்கள் இதைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "எங்க வாங்கினீங்க?" என்று கேட்பார்கள். திருட்டுச் சொத்து என்று யாரிடம் சொல்வது? சிரித்து மழுப்பிவிடுவேன்.

எண்பதுகளின் தொடக்கத்தில் அந்தப் பக்கத்து ஊராட்சி ஒன்றிய அலுவலகம் ஒன்றில் நான் டைப்பிஸ்டு. அரியலூரும் பெரம்பலூரும் அப்போது திருச்சி மாவட்டத்தோடு சேர்ந்திருந்தன. அங்கே மாற்றல் என்றாலே அதிகாரிகளுக்கு முகம் சுண்டிப் போகும். எங்கள் ஆணையர் மட்டும் கேட்டு வாங்கிக்கொண்டு வந்தவர். ஒல்லியான மனிதர், ஜீப்புக்குள் உட்கார்ந்தாலும் மடியில் குடை இருக்கும். என் மேசையைச் சுற்றிச் சுற்றி நடந்துகொண்டே கடிதம் சொல்வார், எனக்குத் தலை சுற்றும். அலுவலகத்துக்குப் புதிதாக வந்தவர்களுக்கெல்லாம் அவர் சொல்லும் பாடம் ஒன்றுதான்: "பைலு என்ன கேக்குதோ அதைக் குடு. ஊருக்கு என்ன வேணுமோ அதை வாங்கு." அதன் முழு அர்த்தம் எனக்குப் புரிய ஒரு வருடம் ஆயிற்று.

அந்தக் கல் நத்தைகள் கிடந்த ஓடைக் கரையில் ஒரு சின்ன ஊர். அங்கே பள்ளிக்கூடம் எட்டாம் வகுப்போடு சரி. உயர்நிலைப் பள்ளி ஏழு மைல் தள்ளி டவுனில் இருந்தது. பையன்கள் எப்படியோ சைக்கிளில் தொற்றிக்கொண்டு போனார்கள். பெண்பிள்ளைகள் எட்டு முடித்ததும் களை எடுக்கப் போனார்கள். அந்த ஊர்ப் பால்வாடியில் ஆயாவாக இருந்த அம்மாவுக்கு ஒரே மகள், அப்போது எட்டாவது. "என் மவ களைக்கொத்து புடிக்கக் கூடாதுங்க" என்று மாதம் ஒரு மனுவோடு வந்து நிற்பார். பஸ் கேட்டு நாங்கள் அனுப்பிய கடிதங்களெல்லாம் 'போதிய பயணிகள் இல்லை' என்று திரும்பி வந்தன. அதை வாசித்துக் காட்டியபோது ஆயாம்மா கேட்டார்: "பஸ்ஸே வுடாம ஆளு ஏறலன்னா எப்படிங்க?" ஆணையர் அந்தக் கடிதத்தை வாங்கி இன்னொரு முறை படித்தார். குடையைத் தடவிக்கொண்டிருந்தார்.

இந்த நேரத்தில்தான் மேலிடத்திலிருந்து ஒரு சுற்றறிக்கை வந்தது. ஒவ்வொரு ஒன்றியமும் தன் எல்லைக்குள் சுற்றுலாவை வளர்க்கத் திட்டம் அனுப்ப வேண்டுமாம். அலுவலகத்தில் எல்லோரும் விழித்தோம். ஏலாக்குறிச்சி மாதா கோயிலுக்கு யாரும் கூப்பிடாமலே ஜனங்கள் பஸ் ஏறிப் போகிறார்கள். கீழப்பழுவூர்க் கோயில்கள் சோழர் காலத்திலிருந்து நிற்கின்றன. நம்மிடம் என்ன இருக்கிறது? ஆணையர் மட்டும் பெண்ணுக்கு வரன் அமைந்தவர் போல மலர்ந்து போனார். 'தொல்கடல் சுற்றுலாத் திட்டம்' என்று தலைப்பிட்டு ஒன்பது பக்கம் சொன்னார். குடிதண்ணீர், நிழற்கூரை, 'கற்களை எடுத்துச் செல்லக் கூடாது' என்று பலகை, கடைசியில் பஸ். மாலை ஆறு மணிக்கு ஊரை அடையும். இரவு அங்கேயே தங்கும். காலை எட்டு மணிக்கு டவுனுக்குப் புறப்படும்.

நான் டைப் அடிப்பதை நிறுத்தினேன். "ஐயா, இருட்டுற நேரத்துல போயி டூரிஸ்டு எதைப் பார்ப்பாங்க? விடிஞ்சதும் பஸ் கெளம்பிடுமே?"

"அடிம்மா" என்றார்.

பஸ் வந்தது, ஆறு மாதச் சோதனை ஓட்டமாக. பெண்பிள்ளைகள் ஒன்பதாம் வகுப்புக்குப் போனார்கள், ஆயாம்மாவின் மகள் முதல் ஆளாக. சுற்றுலாப் பயணிகள் வந்தார்களா என்றால், வந்தார்கள். கல்லூரி மாணவர்கள் ஒரு வேனில் வந்தார்கள். ஏலாக்குறிச்சிக்குப் புறப்பட்டு வழி தவறிய ஒரு குடும்பம் வந்தது. சிக்கல் அவர்கள் திரும்பிப் போகும்போதுதான். ஊருக்கு வந்தவர்களை வெறுங்கையோடு அனுப்பும் வழக்கம் அந்த ஊரில் இல்லை. ஆயாம்மா தலைமையில் பெண்கள் தட்டேந்தி நின்று, ஆளுக்கு வெற்றிலை பாக்கும் ஒரு நத்தைக் கல்லும் கொடுத்து அனுப்பினார்கள். 'எடுத்துச் செல்லக் கூடாது' என்ற பலகைக்கு நேர் கீழே நின்றுகொண்டுதான் கொடுத்தார்கள். கல்லெல்லாம் போய்விட்டால் சுற்றுலா ஏது, சுற்றுலா இல்லாவிட்டால் பஸ் ஏது? ஆணையர் பதறி ஓடினார், நானும் கூடப் போனேன்.

"ஆயாம்மா, எடுக்காதேன்னு போர்டு இருக்கில்ல?"

"அவங்க எங்கய்யா எடுத்தாங்க? நாமதானே குடுக்கறோம்."

இனி கல்லுக்குப் பதில் வறுத்த கடலை என்று ஆணையர் பேசி முடித்தார். அன்றைக்கு என் கையில் ஏற்கெனவே ஒரு கல் வந்து சேர்ந்திருந்தது. அவர் பார்ப்பதற்குள் டிபன் பாக்ஸில் போட்டு மூடிவிட்டேன்.

ஆறாம் மாதம், பஸ்ஸை நிறுத்தலாமா வேண்டாமா என்று முடிவு செய்ய மேலதிகாரி ஒருவர் வந்தார். வெயிலுக்கு முன் பார்த்துவிடலாம் என்று காலை ஏழு மணிக்கே ஓடையில் இறங்கினார். முந்தின நாள் மழையில் கரிசல் மண் குழைந்து கிடந்தது. அவர் புறப்படும் சமயம் ஆயாம்மா தட்டோடு வந்தார். இவ்வளவு பெரிய அதிகாரிக்குக் கடலையா கொடுப்பது? தட்டில் மாலை சுற்றிய நத்தைக் கல் ஒன்று, பரங்கிக்காய் அளவில். ஓடையிலேயே பெரியது அதுதான். அதிகாரி முகமெல்லாம் பல்லாக, "பேஷ்! வீட்டு ஹாலில் வைக்கலாம்" என்று இரண்டு கையையும் நீட்டினார்.

நான் ஆணையரைப் பார்த்தேன். பேசாமல் இருந்தால் பஸ் நிச்சயம். அவர் குடையை இறுகப் பிடித்துக்கொண்டு, "சார், மன்னிக்கணும். எடுத்துட்டுப் போகக் கூடாது. நாமே வெச்ச போர்டு" என்றார். எனக்கு அழுகையே வந்துவிட்டது. ஆறு மாதப் பாடும் ஒரு வாக்கியத்தில் போயிற்றே என்று அவர் மேல் அப்படி ஒரு கோபம். என் டிபன் பாக்ஸ் நினைவும் கூடவே வந்து தொலைத்தது.

அதிகாரி விறைப்பாகப் போய் ஜீப்பில் ஏறினார். ஜீப் நகரவில்லை. கரிசல் மண் நான்கு சக்கரத்தையும் கவ்விக்கொண்டிருந்தது. ஊரே தள்ளியது, சேறு தெறித்து அவர் வெள்ளைச் சட்டை வீணானதுதான் மிச்சம். பத்து மணிக்கு அவருக்கு டவுனில் கூட்டம். எட்டு மணி பஸ் ஹாரன் அடித்தது. வேறு வழி? எங்களோடு அவரும் அதில் ஏறினார்.

நீலத் தாவணிப் பெண்பிள்ளைகள், பால் கேன்கள், கூடையில் கோழிகள். உட்கார இடமில்லை. ஆயாம்மாவின் மகள் எழுந்து அதிகாரிக்கு இடம் கொடுத்தாள், அவர் மடியில் தன் புத்தகப் பையையும் வைத்தாள். அவர் சுற்றும் முற்றும் பார்த்தார். பிறகு மேலே கம்பியைப் பிடித்துத் தொங்கிக்கொண்டிருந்த ஆணையரை நிமிர்ந்து பார்த்தார். "ஏன்யா, டூரிஸ்டு பஸ் ராத்திரி வந்து காலைல எதுக்குக் கெளம்புது?"

"சூரிய உதயம் சார். அங்க ரொம்ப விசேஷம்."

அதிகாரி முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டார். தோள்கள் குலுங்கின, அப்படிக் குலுக்கும் அளவுக்குச் சாலை மோசமில்லை. அவர் எழுதிய குறிப்பு அடுத்த மாதம் வந்தது: 'நேரில் பயணம் செய்தேன். கூட்டம் மிகுதி. நிற்கவும் இடமில்லை. பஸ் தொடரலாம்.' ஆணையர் அதை என்னை இரண்டு முறை வாசிக்கச் சொன்னார்.

அவர் காலமான செய்தி சென்ற வருடம் வந்தது. ஒரு வாரம் எனக்கு எதுவும் ஓடவில்லை. பிறகு இந்தக் கல்லை எடுத்துக்கொண்டு அதே பஸ்ஸில் ஏறினேன். ஆறு மணிக்குத்தான் போய்ச் சேர்கிறது, எட்டு மணிக்குத்தான் கிளம்புகிறது. ஆயாம்மாவின் மகள் இப்போது அந்த ஊர்ப் பள்ளியின் தலைமையாசிரியை. இரவு அவர் வீட்டில் தங்கினேன். விடியற்காலையில் இருவரும் ஓடைக்குப் போய், கல்லை அதன் இடத்தில் வைத்தோம். அப்போது கிழக்கே செம்மண் மேடுகளுக்கு மேல் சூரியன் வந்தது. மனிதர் பொய் சொல்லவில்லை, நிஜமாகவே விசேஷம்தான். குடையும் கையுமாக அவர் பக்கத்தில் நிற்பது போலிருந்தது, அழுதேன்.

பஸ் கிளம்பும்போது தலைமையாசிரியை ஜன்னல் வழியாக ஒரு பொட்டலத்தை என் மடியில் போட்டார். "வெறுங்கையோட போவக் கூடாதுங்க, அம்மா இருந்தா என்னை ஏசும்." வெற்றிலை பாக்குதானே என்று டவுன் தாண்டியபின் பிரித்தேன். வெற்றிலைக்கு நடுவே, நான் காலையில் ஓடையில் வைத்த அதே நத்தை. ஆணையர் பஸ்ஸில் இருந்திருந்தால் விசில் அடித்து நிறுத்தி, என்னையும் கல்லையும் இறக்கி விட்டிருப்பார். இப்போதைக்கு அது என் ரசீதுகளின் மேல் இருக்கிறது.