கல்யாணப் போட்டோவுக்குப் பின்னால் ஒரு போட்டோ

எனக்குச் சந்தேக புத்தி. இதைச் சொல்லிவிட்டே ஆரம்பிக்கிறேன். கொரியர்காரர் வந்தால்கூட யார் அனுப்பினது, என்ன சாமான், ஏன் இவ்வளவு தாமதம் என்று மூன்று கேள்வி கேட்காமல் கையெழுத்துப் போட மாட்டேன். என் கணவர் அப்போது உள்ளே போய்விடுவார்.

போன வருடம் எங்கள் குலதெய்வக் கோயில் கும்பாபிஷேகத்துக்கு ஒரு விழா மலர் போடுவதாக முடிவானது. பங்காளி வீடுகளின் வம்ச மரத்தை அதில் அச்சடிக்க வேண்டும். அந்த வேலையை எடுத்துக்கொண்ட அண்ணன் ஒருவர், ஒவ்வொரு வீட்டிலிருந்தும் பழைய கல்யாணப் போட்டோ ஒன்று அனுப்பச் சொல்லி வாட்ஸப்பில் கேட்டிருந்தார். எங்கள் மரத்தில் ஆண்களும் அவர்கள் மனைவிமாரும்தான் இருப்பார்கள். பெண் பிள்ளைகள் கல்யாணமாகி வேறு கூட்டத்துக்கு, வேறு குலத்துக்குப் போய்விடுகிறவர்கள் என்று அவர்கள் பெயர் ஏறுவதில்லை. என் பெயரும் கிடையாது. ஆனால் போட்டோக்கள் என்னிடம்தான் இருந்தன. மூன்று வருடம் முன்பு அப்பா இறந்ததும், தம்பி எல்லாவற்றையும் ஒரு அட்டைப் பெட்டியில் அள்ளிப்போட்டு, "இந்தக் குப்பைய நீயே வெச்சுக்கக்கா" என்று கொடுத்துவிட்டான்.

அப்பா அம்மா கல்யாணப் போட்டோ கண்ணாடிச் சட்டத்துக்குள் பூஞ்சை பிடித்துக் கிடந்தது. ஸ்கேன் எடுப்பதற்காகப் பின்பக்க ஆணிகளைக் கத்தியால் நெம்பி அட்டையை எடுத்தேன். அட்டைக்கும் போட்டோவுக்கும் நடுவில் இன்னொரு போட்டோ இருந்தது.

அதிலும் அப்பா மாப்பிள்ளைக் கோலத்தில், தலைப்பாகையும் மாலையுமாக நிற்கிறார். பக்கத்தில் பட்டுச்சேலை கட்டி, நெத்திச்சுட்டி வைத்து, தலை நிறையப் பூவோடு ஒரு பெண். அம்மா இல்லை. போட்டோவின் கீழ்ப்பாதியை யாரோ கத்தரித்திருந்தார்கள். இடுப்புக்குக் கீழே ஒன்றும் தெரியவில்லை.

அப்பாவுக்குக் கூடப்பிறந்தவர் ஒரே ஒரு தம்பி, அக்கா தங்கை கிடையாது என்றுதான் சின்ன வயதிலிருந்து கேட்டு வளர்ந்திருக்கிறேன். அப்படியானால் இவள் யார்? அப்பாவுக்கு முதலில் ஒரு கல்யாணம் ஆகியிருக்கிறது. அதை மறைத்துத்தான் அம்மாவைக் கட்டியிருக்கிறார். சாகும்வரை சட்டத்துக்குள் ஒளித்தும் வைத்திருக்கிறார். எனக்கு அப்பாமேல் வந்த கோபத்துக்கு, அந்த மனிதர் உயிரோடு இருந்திருந்தால் அன்றைக்கு அவருக்குச் சோறு போட்டிருக்க மாட்டேன். அதைவிடப் பெரிய பயம் அம்மாவைப் பற்றி. மலரில் அப்பா பக்கத்தில் அம்மா பெயர் வரும். அதைப் பார்த்துவிட்டு, யாராவது ஒரு பெரியவர் கோயிலில் நாலு பேர் நடுவில், "மொத சம்சாரத்த உட்டுட்டீங்களே" என்று கேட்டால் அம்மா என்ன ஆவாள்?

அம்மா அப்போது என் வீட்டில்தான் இருந்தாள். கண்புரை ஆபரேஷன் முடிந்து பச்சைத் துணி கட்டியிருந்தது. எதிரிலேயே உட்கார்ந்து அந்தப் பெண்ணின் முகத்தைச் செல்போனில் பெரிது பண்ணிப் பண்ணிப் பார்த்தேன். யாராகவும் தோன்றவில்லை. "என்ன புள்ள, சத்தமே காணோம்?" என்றாள் அம்மா. "ஒண்ணுமில்லம்மா" என்று பொய் சொன்னேன்.

மறுநாள் புதுச்சத்திரம் போய்ச் சித்தப்பாவிடம் போட்டோவைக் காட்டினேன். செய்தித்தாளின் பெரிய எழுத்தைக்கூடக் கண்ணாடி போட்டுப் படிக்கிற மனிதர், கண்ணாடியைத் தேடாமலே திருப்பிக் கொடுத்தார்.

"பக்கத்துத் தோட்டத்துப் புள்ள யாராச்சுமா இருக்கும் சாமி. போட்டோக்காரன் வந்தா ஊரே வந்து நிக்குமல்லோ."

"பக்கத்துத் தோட்டத்துப் புள்ளைக்கு எதுக்குங்க நெத்திச்சுட்டி?"

"எனக்கு அப்ப பதினஞ்சு வயசு. என்னத்தக் கண்டேன்? காப்பி குடி."

நான் வாசலுக்கு வந்து செருப்பு மாட்டுகிறபோது பின்னாலேயே வந்து, "இத உங்கம்மாகிட்டக் காட்டிப் போடாத. பாவம், கண்ணு ஆப்பரேசன் பண்ணவ" என்றார். இதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்? பஸ்ஸில் வரும்போது அழுதேன். அம்மாவை இத்தனை வருடம் ஏமாற்றின கூட்டத்தில் சித்தப்பாவும் ஒருத்தர் என்று முடிவே செய்துவிட்டேன். போட்டோவை அரிசி டப்பாவுக்குப் பின்னால் ஒளித்தேன்.

ஒரு வாரம் ஓடியது. மலர் வேலை பார்க்கிற அண்ணன் தினமும் போட்டோ கேட்டார். நான் தினமும் ஏதோ சாக்குச் சொன்னேன். கண் கட்டைப் பிரித்ததும் அம்மாவுக்கு என் சமையலறையைத் துடைக்க வேண்டும் என்று வந்துவிட்டது. நான் பால் வாங்கிக்கொண்டு திரும்பினபோது, அரிசி டப்பா மேடைமேல் இருந்தது. அம்மா ஜன்னல் வெளிச்சத்தில் போட்டோவைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"இத எதுக்கு அரிசிக்குப் பொறத்தால வெச்ச?"

பால் பையைக் கீழே வைத்தேன். "அம்மா, மனசைத் தேத்திக்கோ. அப்பா உன்னை ஏமாத்திட்டாரு."

அம்மா என்னையும் போட்டோவையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு சிரித்தாள். "அடக் கூறுகெட்டவளே. உங்கப்பா கக்கத்துல பாரு, கூறைச் சேலைத் தலைப்பு. பொண்டாட்டிகூட நிக்கறவன் சேலையக் கக்கத்துல இடுக்கிட்டு நிப்பானா? இது இணைச்சீர்."

எங்கள் பக்கக் கல்யாணத்தில், தாலி கட்டுவதற்கு முன்னால் மாப்பிள்ளையின் அக்காவோ தங்கையோ கல்யாணப் பெண் மாதிரியே அலங்காரம் பண்ணிக்கொண்டு அவன் பக்கத்தில் நிற்பாள். கூறைச் சேலையின் ஒரு தலைப்பு அவன் கக்கத்தில் இருக்கும். மறுதலைப்பை இடுப்பில் ஏந்திய கூடையில் வைத்து அவள் பிடித்திருப்பாள். எனக்கென்று ஒருத்தி வந்தாலும் கூடப்பிறந்தவளை விட்டுவிட மாட்டேன் என்பதற்கான சீர் அது. என் தம்பி கல்யாணத்தில் நானே நின்றிருக்கிறேன். அன்றைக்குத் தெரியாதவர் யாராவது பார்த்திருந்தால் என்னைத்தான் பெண் என்று நினைத்திருப்பார்கள். முகத்தை மட்டும் பெரிது பண்ணிப் பார்த்தவளுக்குக் கக்கம் எங்கே தெரியும்?

"அப்பாவுக்குத்தான் அக்கா தங்கச்சி இல்லையேம்மா."

"இல்லீன்னு சொல்லோணும்னு உங்க அப்பாரு, உங்கப்பாவப் பெத்தவரு, போட்ட உத்தரவு. எங்க கல்யாணம் ஆகி ஆறாம் மாசம், உங்கப்பா தங்கச்சி எடப்பாடித் தறிக்காரர் ஒருத்தரக் கட்டிக்கிட்டுப் போயிட்டா. நம்ம சனமில்ல. அப்பாரு அவள உசுரோட தலைமுழுகிட்டாரு. அவ இருந்த போட்டோ அத்தனையும் அடுப்புல போட்டாங்க. உங்கப்பாவும் கூட நின்னு போட்டாரு. இது ஒண்ண நாந்தான் எடுத்து, சட்டத்துக்குத் தக்கன கத்தரிச்சு உள்ள வெச்சேன்."

"நீயா?"

"எனக்குச் சீர் பண்ணுன கை அது. எப்படி எரிய உடறது? உங்கப்பா தோட்டத்துக்குப் போற நேரமாப் பாத்துப் போன் பண்ணுவா. நம்மூட்டுக்குப் போன் வந்ததுலருந்து பேசியிருக்கறேன்."

எனக்கு உடம்பெல்லாம் லேசானது. அம்மாவுக்கு ஒன்றும் இல்லை. யாரும் அவளை ஏமாற்றவில்லை. அந்தச் சந்தோஷத்தில், "இப்ப அத்தை எங்கம்மா? இருக்காங்களா? நம்பர் குடு, இப்பவே பேசறேன்" என்று போனை எடுத்தேன்.

அம்மா போட்டோவை மேடைமேல் வைத்துவிட்டுக் கையைச் சேலையில் துடைத்தாள்.

"மூணு வருசமாச்சு பேசி."

"ஏன்?"

"உங்கப்பா எழவுக்கு வந்தா கண்ணு. அண்ணனுக்குப் போத்தறதுக்குக் கோடி வேட்டி வாங்கிட்டு, ஒண்டியா வந்து பந்தக்கால்கிட்ட நின்னா. நான் பொணத்துத் தலமாட்டுல உக்காந்திருந்தேன், எந்திரிக்க முடியல. நீதான் போயி யாரு, எந்தூரு, யாரு வேணும்னு கேட்ட. எழவு ஊட்டுல நகை திருடறவங்க வராங்கன்னு சொல்லி, சொந்தக்காரங்க தவிர யாரும் உள்ள வரக்கூடாதுன்னுட்ட. அவ உன்ற மூஞ்சியவே பாத்துட்டு நின்னா. அப்பறம் போயிட்டா."

எனக்கு நினைவு வந்தது. மெலிந்த அம்மாள், கையில் மஞ்சள் பை. கேட்டதற்கு ஒரு பதிலும் சொல்லவில்லை. தெரு முனை திரும்பும்வரை நான் வாசலிலேயே நின்று கண்காணித்தேன். அன்றைக்கு எவ்வளவு கெட்டிக்காரத்தனம் என்று என்னையே மெச்சிக்கொண்டதும் நினைவிருக்கிறது.

"நீ அன்னைக்கே சொல்லியிருக்கலாமேம்மா."

"சொல்லி? அப்பாரு தொரத்துனாரு, உங்கப்பா தொரத்துனாரு. அதுக்கெல்லாம் அவ போன் பண்றத நிறுத்தல சாமி."