கால் மணிக்கு ஒரு குண்டு

மக்களே, போன ஆடி மாதம் ஒருநாள் உங்களிடம் ஒரு விஷயத்தை மறைத்தேன். நீங்கள் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும், "அப்பா ஏன் பேச மாட்டுக்க?" என்று சின்னவள் கேட்டாள். தலைவலி என்றேன். தலைவலி இல்லை.

அம்மா நர்ஸ் வேலைக்கு ஜெர்மனி போன புதிதில் என் போனில் அந்த நாட்டு ரேடியோ ஒன்றைப் போடச் சொன்னாள். "நான் இருக்க ஊர் பேரு இதுல அடிக்கடி வரும். நான் போன் எடுக்கலேன்னா இதைக் கேட்டுக்கிடுங்க" என்றாள். இரண்டாய்ப் பிரிந்து கிடந்த அந்த நாடு ஒன்றான சமயத்தில் தொடங்கிய ஸ்டேஷனாம். பாட்டு கிடையாது, விளம்பரம் கிடையாது. நாள் பூராவும் செய்திதான். அரசாங்கம் நடத்துவதில்லை, வீட்டுக்கு வீடு கட்டணம் கட்டி ஜனங்களே வைத்திருப்பது என்றும் சொன்னாள். எனக்கு ஒரு சொல்லும் புரியாது. ஆனாலும் கல்லிடைக்குறிச்சியில் நம் கடையில் மோட்டாருக்குச் செம்புக் கம்பி சுற்றும்போது அது பைய ஓடிக்கொண்டிருக்கும். அம்மா இருக்கும் ஊர்ப் பெயர் காதில் விழுந்தால் ஒரு சந்தோஷம்.

அன்று மத்தியானம் இரண்டு மணிக்கு ஊர்ப் பெயர் வந்தது. கூடவே 'பொம்பெ' என்று ஒரு சொல், நாம் 'பாம்' என்பது போலவே கேட்டது. ஆஸ்பத்திரிக்கு அவர்கள் சொல்லும் சொல்லும் வந்தது, அதை அம்மா எனக்குச் சொல்லித் தந்திருந்தாள். என் கை நின்றுவிட்டது. போன் போட்டேன், எடுக்கவில்லை. வேலை நேரத்தில் போனை அலமாரியில் வைத்துப் பூட்டிவிடுவாள் என்பது தெரியும். தெரிந்தும் மறுபடி போட்டேன். இரண்டே காலுக்கு மறுபடியும் ஊர்ப் பெயர், குண்டு, ஆஸ்பத்திரி. இரண்டரைக்கு இன்னொன்று.

மோட்டாருக்குக் காத்திருந்த வாழைத்தோட்டத்து அண்ணாச்சி என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். "என்னவே, சிலை மாதிரி இருக்கீரு? அங்கன என் வாழை கருகுது."

"அண்ணாச்சி, அவ இருக்க ஊர்ல குண்டு போடுதானுவ. இது மூணாவது."

"எவன் சொன்னான்?"

"இந்த ரேடியோக்காரன்தான்."

"உமக்கு அந்தப் பாஷை தெரியுமாவே?"

"குண்டுக்கு என்ன பாஷை வேண்டிக்கிடக்கு?"

அவர் சிரிக்கவில்லை. "தெரிஞ்சவங்க யாரையாவது கேளும். இந்தாரும்" என்று தன் போனை நீட்டினார். பாளையங்கோட்டையில் அம்மாவுக்கு ஜெர்மன் சொல்லிக்கொடுத்த டீச்சரை அதில் கூப்பிட்டு விஷயத்தைச் சொன்னேன். "அடுத்த கால் மணி வரட்டும்ணே. ரெண்டு போனையும் பக்கத்துல பக்கத்துல வையுங்க" என்றார்கள். இரண்டே முக்காலுக்கு வைத்தேன்.

"அண்ணே, மூணு குண்டு இல்ல, ஒண்ணுதான். அங்க கால் மணிக்கு ஒருக்க செய்தியை முதல்ல இருந்து வாசிப்பாங்க. கார்ல ஏறுதவங்க எப்பப் போட்டாலும் கேக்கணும்லா, அதுக்காக. நீங்க ஒரே குண்டை மூணு மட்டம் எண்ணியிருக்கீங்க."

நம் ஊர் ரேடியோவில் ஒரு தரம் வாசித்தால் முடிந்தது, அடுத்த செய்திக்கு மணிக்கணக்கில் காத்திருக்க வேண்டும். அந்தப் பழக்கத்தில் எண்ணிவிட்டேன்.

"யாரும் போடல. உலகப் போர்ல வெடிக்காம மண்ணுக்குள்ள போனது. கட்டடத்துக்குத் தோண்டும்போது கிடைச்சிருக்கு. ஆஸ்பத்திரியைக் காலி பண்ணுதாங்க."

"வெடிக்குமா டீச்சர்?"

"இனி வெடிக்காதபடி ஆக்கியாச்சுன்னா 'எண்ட்ஷெர்ஃப்ட்'னு சொல்லுவாங்க. அந்தச் சொல்லுக்குக் காத்திருங்க."

சட்டைப்பையில் இருந்த துண்டுத்தாளில் அதைத் தமிழில் எழுதினேன். அண்ணாச்சி டீ வாங்கி வந்தார். "வாழை நாளைக்குத் தண்ணி குடிக்கட்டும். நான் இங்கனயே இருக்கேன்" என்றார். மூன்று, மூன்றே கால், மூன்றரை. செய்திக்கு முன்னால் வரும் அந்தச் சின்ன மணியோசை கேட்டதும் துண்டுத்தாளைக் கையில் எடுத்துக்கொள்வேன். குண்டைப் பற்றிச் சொல்லிவிட்டு, அதே குரலில் பந்து விளையாட்டையும் ரோட்டு நெரிசலையும் சொன்னார்கள். அந்தச் சொல் மட்டும் வரவில்லை.

நாலரைக்கு நீங்கள் வருவீர்கள் என்று வீட்டுக்கு ஓடிவந்தேன். உங்களுக்குக் காப்பி ஆற்றிக் கொடுக்கும்போது ஒரு காதில் ரேடியோ இருந்தது. பெரியவன் கணக்கில் வாங்கிய மார்க்கைச் சொன்னான். என்ன மார்க் என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. உங்கள் முகத்தைப் பார்க்கப் பயமாக இருந்தது. இந்த இரண்டு பேரிடமும் நான் எதைச் சொல்ல வேண்டிவருமோ என்று நினைத்தபடி உட்கார்ந்திருந்தேன்.

ஐந்து மணிக்கு அந்தச் சொல் வந்தது. நம்ப முடியவில்லை. ஐந்தே கால் வரைக்கும் இருந்து இன்னொரு தரம் கேட்டுக்கொண்டேன்.

ஏழு மணி வாக்கில் அம்மா கூப்பிட்டாள். கொல்லைக்குப் போய்ப் பேசினேன். "காலையில இருந்து கட்டில் தள்ளித் தள்ளி கை விட்டுப்போச்சுங்க. சீக்காளிகளை எல்லாம் ஒரு பள்ளிக்கூடத்துல கொண்டு வச்சிருந்தோம். உங்களுக்கு யார் சொன்னா?"

"ரேடியோ."

"நீங்க பயந்துருவீங்கன்னுதான் நான் சொல்லுததே இல்ல. இங்க அடிக்கடி தோண்டி எடுப்பாவ."

"அடிக்கடியா?"

"பிள்ளைகள் சாப்பிட்டாச்சா?" என்றாள்.

நீங்கள் சாப்பிட்டு உள்ளே டிவி பார்த்துக்கொண்டிருந்தீர்கள். நான் வாசலுக்கு வந்து, அம்மாவின் ஸ்கூட்டரை மூடியிருந்த தார்ப்பாயை எடுத்தேன். அவள் போனதிலிருந்து யாரும் தொடாத வண்டி, அவள் திரும்பி வரும்போது ஓட வேண்டுமே. ஏழெட்டு மிதிக்குப் பிறகு உயிர் வந்தது. சீட்டில் கையை வைத்தபடி கொஞ்ச நேரம் ஓடவிட்டேன். பிறகு அணைத்து, தார்ப்பாயை இழுத்து மூடி, நான்கு முனையையும் கட்டினேன்.