நான் கேட்டு வாங்கிய வாய்தா

வாயைத் திறந்தாலே வாய்தா கேட்கும் மண்டு நான். புதுக்கோட்டையில் ஜூனியர் வக்கீலாகச் சேர்ந்ததிலிருந்து நான் செய்த ஒரே வாதம் அதுதான்.

வயல் பாதை வழக்கில் சாட்சி சொல்வதற்காகவே எங்கள் கட்சிக்காரரான கீரமங்கலத்துக்காரர் துபாயிலிருந்து லீவில் வந்திருந்தார். மறுநாள் விமானம். சீனியர் வருவதற்குள் வழக்கைக் கூப்பிட்டார்கள். பழக்கதோஷத்தில் எழுந்து வாய்தா கேட்டேன், உடனே கிடைத்தது. எதிர்த்தரப்பு வக்கீல் சிரித்தபடி கிளம்பிவிட்டார்.

ஓடிவந்த சீனியர், "கொஞ்ச நேரம் பொறுக்கச் சொல்லத்தானடா ஒன்னைய அனுப்புனேன்!" என்று தலையில் அடித்துக்கொண்டார். அவர் தலையில்தான். என் தலையில் அடித்திருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும்.

இப்போதெல்லாம் கட்சிக்காரரைக் கேட்காமல் நான் எழுந்திருப்பதே இல்லை. ஆனால் அன்று, நீதிமன்ற வாசலில் அந்தத் துபாய்க்காரரிடம், "அடுத்த வாய்தாவுல முடிச்சிரலாம்ண்ணே" என்று அசடு வழிந்தேன்.

"அடுத்த லீவு ரெண்டு வருசம் கழிச்சுத்தான், தம்பி."