முதல் கியரில் எழுந்த கரகரப்பு

பட்டறையில் அவரைச் ‘சுத்தக்காரர்’ என்றுதான் எல்லாரும் அழைப்பார்கள். கியர் பெட்டியைப் பிரித்துக் கோப்பதில் முப்பது ஆண்டு அனுபவம். ஆயினும் பெயர் வாங்கித் தந்தது வேறொரு பழக்கம். எந்த வண்டியில் ஏறினாலும் ஓட்டுநர் காலடியில் கிடக்கும் விரிப்பை முதலில் எடுத்து வெளியே வைத்துவிடுவார். தம் காலின் கிரீஸ் பிறர் பொருளில் படலாகாது. வேலை முடிந்ததும், மடிப்புக்கூடக் கலையாமல், இருந்தபடியே விரித்துவைப்பார். அதில் அவருக்கு உள்ளூரப் பெருமை.

பள்ளி வேன் ஓட்டும் பெண் ஒரே மாதத்தில் மூன்று முறை வந்தாள்.

“அண்ணே, முதல் கியரும் ரிவர்ஸும் போடறப்ப கரகரன்னு கத்துது. இன்ஜினை அணைச்சுட்டுப் போட்டா சத்தமே இல்லாம விழுது.”

மூன்று முறையும் அவர் ஏறி ஓட்டிப் பார்த்தார். கியர் ஒழுங்காக விழுந்தது. மூன்றாம் முறை பெட்டியையே இறக்கிப் பார்த்தார். பற்களில் ஒரு குறையுமில்லை.

“வண்டி நல்லாத்தான் இருக்கும்மா. உன் கால்தான் கிளட்சை அரைகுறையா மிதிக்குது.”

“பதினோரு வருஷமா ஓட்டறேன். இப்பத்தான் என் கால் குட்டையாப் போச்சா?”

அந்தப் பேச்சு அவருக்குச் சுருக்கென்றது. அன்றே வேன் முதலாளியைத் தொலைபேசியில் அழைத்தார்: “வண்டியில கோளாறு இல்ல. ஆளை மாத்துங்க.”

முதலாளி மாற்றிவிட்டார். அடுத்த ஞாயிறன்று புது ஓட்டுநரான தம் மச்சானிடம் வண்டியை ஒப்படைக்கையில் சுத்தக்காரரையும் வரச் சொன்னார். பட்டறைக்கு விடுமுறை, வெளுத்த சட்டை, துடைத்த செருப்பு. கிரீஸ் இல்லாத காலுக்கு விரிப்பை எடுப்பானேன் என்று அப்படியே ஏறி அமர்ந்தார். கிளட்சை மிதித்து முதல் கியரைத் தள்ளினார்.

கர்ர்ர்.

“என்னண்ணே, உங்களுக்கும் ஓட்டத் தெரியலையா?” என்று மச்சான் சிரித்தான்.

இன்ஜினை அணைத்தார், கியர் வழுக்கி விழுந்தது. அவள் முதல் நாளே சொன்னது! இன்ஜின் ஓடும்போது மட்டும் கத்தினால் கிளட்ச் முழுதாக விடுபடவில்லை என்று பொருள். அவருக்குத் தெரியாததா? குனிந்து பார்த்தார். பழைய விரிப்பின்மேல் தடித்த புது ரப்பர் விரிப்பு. அதன் விளிம்பு மடிந்து, மிதியை அடிவரை போகவிடாமல் முட்டிக்கொண்டிருந்தது. அதை உருவிப் பக்கத்து இருக்கையில் போட்டுவிட்டு இன்ஜினை இயக்கினார். கியர் ஓசையின்றி விழுந்தது.

“பாத்தியா மச்சான், அவர் கை பட்டாலே சரியாயிடுது!” என்றார் முதலாளி.

சற்றுத் தள்ளி, கணக்கு முடிக்க வந்திருந்த அவள் தன் இருக்கைத் திண்டையும் தண்ணீர்ப் புட்டியையும் பையில் திணித்துக்கொண்டிருந்தாள். வாயை மூடிக்கொண்டால் போதும்; யாருக்கும் தெரியாது. இன்ஜினை அணைத்து இறங்கிச் சாவியை முதலாளியிடம் கொடுத்தார்.

“தப்பு என்னோடதுங்க,” என்றார். “இந்த மேட்தான் கிளட்சைத் தடுத்திருக்கு. ஒவ்வொரு தடவையும் நான் இதை எடுத்துட்டே ஓட்டினேன். அந்தம்மா சொன்னதைக் காதுலயே வாங்கல.”

“அட, போன மாசம் மழைக்குன்னு நான்தானே வாங்கிப் போட்டேன்!” முதலாளி தலையைச் சொறிந்தபடி சாவியை அவளிடம் நீட்டினார்.

அவள் வாங்கிக்கொண்டாள், சுத்தக்காரர் முணுமுணுத்த மன்னிப்பை வாங்கிக்கொள்ளவில்லை. ஏறி அமர்ந்து, பக்கத்து இருக்கையில் கிடந்த ரப்பர் விரிப்பை ஜன்னல் வழியே நீட்டினாள்.

“நீங்களே வச்சுக்குங்கண்ணே. காலைத் துடைக்க ஆகும்.”

வேன் சத்தமின்றிக் கிளம்பிப் போயிற்று. விரிப்பின் சேறு வெள்ளைச் சட்டையில் அப்பியது. விலக்கிப் பிடிக்க அவருக்குக் கை எழவில்லை.