பலகை யார்டும் பரிட்சைத் துவானும்

என் மாமா வாங்க நினைத்தது தையல் மெஷின். வாங்கி வந்தது ரயில்.

இதில் தன் தப்பு எதுவுமே இல்லை என்று இன்றுவரை சாதிக்கிறார். எழுபதுகளின் நடுவில் அவர் சுங்கை சிப்புட் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டத்தில் கணக்கு எழுதும் கிராணியாக இருந்தார். தோட்டத்து வெள்ளைக்கார மானேஜர் வேலையை விட்டு ஊருக்கே திரும்பியபோது பங்களா சாமான்களையெல்லாம் லேலோங்கில் விட்டார்கள். அந்த ஏலத்தில் பூட்டிய மரப்பெட்டி ஒன்று வந்தது. மாமா தூக்கிப் பார்த்தார், கனமாக இருந்தது. குலுக்கிப் பார்த்தார், உள்ளே இரும்பு சத்தம் போட்டது. தன் அக்காவுக்கு, அதாவது என் அம்மாவுக்கு, தையல் மெஷின் வாங்கித் தருகிறேன் என்று மூன்று தீபாவளியாகச் சொல்லி வந்தவர் அவர். கனமும் இரும்பும் சேர்ந்தால் தையல் மெஷின்தான் என்று முடிவு கட்டிக் கையைத் தூக்கிவிட்டார்.

ஈப்போவில் எங்கள் ரயில்வே குவாட்டர்ஸ் கூடத்தில் வைத்துப் பூட்டை உடைத்தார்கள். உள்ளே பழைய துணியில் சுற்றிய ஒரு சின்ன எஞ்சின், எட்டு சரக்குப் பெட்டிகள், நேரும் வளைவுமாக நிறையத் தண்டவாளத் துண்டுகள், மின்சாரம் கொடுக்க ஒரு கறுப்புப் பெட்டி. அம்மா எஞ்சினைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"ஏண்டா தம்பி, இதுல நான் எப்படிடா ரவிக்கை தைக்கிறது?"

மாமா தலையைச் சொறிந்தார். எனக்கோ தலைகால் புரியவில்லை. எனக்குப் பதினொரு வயது. அன்று மாலைக்குள் எங்கள் வரிசையில் இருந்த பத்து வீட்டுப் பிள்ளைகளிடமும் போய், சனிக்கிழமை எங்கள் வீட்டில் ரயில் வட்டமாக ஓடப்போகிறது, எல்லாரும் வந்துவிட வேண்டும் என்று சொல்லிவிட்டு வந்தேன். சொன்ன பிறகுதான் வீட்டில் யாரிடமும் கேட்கவில்லை என்பது ஞாபகம் வந்தது.

எட்டுக்கு நாலு பிளைவுட் பலகை ஒன்றை இரண்டு பெஞ்சு மேல் போட்டு, தண்டவாளம் வரையும் வேலையை மாமா எடுத்துக்கொண்டார். கிராணி அல்லவா, ஸ்கேல் வைத்துக் கோடு போட்டார். நடுவில் ஒரு பெரிய வட்டம். அதிலிருந்து பிரிந்து, சீப்புப் பல் மாதிரி வரிசையாக நான்கு தண்டவாளங்கள். அதுதான் யார்டு என்றார். பார்க்க அழகாகத்தான் இருந்தது. எஞ்சின் பெட்டிகளை இழுத்துக்கொண்டு ஒரு பல்லுக்குள் போனது. அங்கேயே நின்றுவிட்டது. முன்னால் தடுப்புக்கட்டை, பின்னால் எட்டுப் பெட்டிகள். வெளியே வர வழியில்லை. மாமா சட்டென்று எஞ்சினை இரண்டு விரலால் தூக்கி இந்தப் பக்கம் வைத்தார்.

வாசலில் காலணி கழற்றிக்கொண்டிருந்த அப்பா அதைப் பார்த்துவிட்டார். அப்பா ஈப்போ யார்டில் ஷண்டர். ரயில் ஓட்டுகிறவர் அல்ல. பெட்டிகளைக் கழற்றி, சேர்த்து, எது எந்தத் தண்டவாளத்தில் நிற்க வேண்டுமோ அங்கே நிறுத்துகிறவர். பதினெட்டு வருஷமாக அதே வேலை.

"மச்சான், அங்க என் யார்டுல எஞ்சின் மாட்டிக்கிட்டா நீ வந்து தூக்கி விடுவியா?"

"வெளாட்டுச் சாமான்தானே மச்சான் லா!"

அப்பா நேரே உள்ளே வந்தார். மாமாவின் கையிலிருந்த பென்சிலை வாங்கிக்கொண்டார். அவ்வளவுதான், என் வட்டம் போயிற்று. இரண்டு நாள் வேலை முடிந்து வந்து, சீருடை கூட மாற்றாமல், பலகை முன் குந்தி அமர்ந்து தண்டவாளங்களைப் பிடுங்கிப் பிடுங்கிப் போட்டார். எஞ்சின் ஏறி இறங்க நீளமாக ஒரு தண்டவாளம். அதிலிருந்து பிரியும் மூன்று கிளை. ஒன்றில் ஐந்து பெட்டி நிற்கும், மற்ற இரண்டிலும் மூன்று மூன்று. ஒரு அங்குலம் கூடவோ குறையவோ கூடாது. எஞ்சின் எப்போதும் பெட்டிகளுக்கு வெளிப்பக்கமே நிற்க வேண்டும். யாரும் எதையும் கையால் தூக்கக் கூடாது. அம்மா சமையலறைக்குப் போக நண்டு மாதிரி பக்கவாட்டில் நடக்கப் பழகிக்கொண்டார்.

சனிக்கிழமை பிள்ளைகள் வந்தார்கள். குளித்து, பவுடர் போட்டு, ஒருத்தி தம்பியை இடுப்பில் தூக்கிக்கொண்டு வந்திருந்தாள். அப்பா பெட்டிகள் மேல் ஊர்ப் பெயர் எழுதிய காகிதங்களை ஒட்டியிருந்தார். சுங்கை சிப்புட், தைப்பிங் என்று. முதலில் கழற்ற வேண்டிய ஊர்ப் பெட்டி கடைசியில் நிற்க வேண்டும் என்று விளக்கினார். பிறகு எஞ்சின் நாலு அங்குலம் முன்னால் போனது. நின்றது. மூன்று அங்குலம் பின்னால் வந்தது. ஒரு பெட்டியை விட்டது. மறுபடி முன்னால் போனது. இப்படியே அரை மணி நேரம் போனது. தம்பியைத் தூக்கி வந்தவள் என் காதருகே குனிந்து, "உங்க ரயிலுக்கு உடம்பு சரியில்லையா?" என்று உண்மையான கவலையோடு கேட்டாள். ஒவ்வொருவராக நழுவினார்கள். எனக்கு அவமானத்தில் அழுகை முட்டியது. அவர்கள் போனதை அப்பா கவனிக்கவே இல்லை.

பெரியவர்கள் எனக்குச் சொல்லாத விஷயம் ஒன்று இருந்தது. யார்டு போர்மேன் வேலைக்கு அப்பா இரண்டு முறை பரிட்சைக்குப் போய் இரண்டு முறையும் தோற்றிருந்தார். மூன்றாவதும் கடைசியுமான வாய்ப்பு அந்த மாதம் வந்திருந்தது. பிள்ளைக்குத் தெரிய வேண்டாம் என்று அம்மாவிடம் சொல்லி வைத்திருந்தாராம். கோலாலம்பூரிலிருந்து வரும் அதிகாரி மேசையில் சாக்குக்கட்டியால் யார்டு வரைந்து, தீப்பெட்டிகளைப் பெட்டிகளாக வைத்து, வாய்மொழியாகக் கேள்வி கேட்பார். கேள்வியும் பதிலும் மலாயில்.

நான் மலாய்ப் பாடத்தில் கெட்டி. அதனால் ஒரு நாள் அப்பா நான்கு கார்பன் நகல் தாள்களைக் கொண்டு வந்து, "நீதான் துவான், பெரிய அதிகாரி. இதுல இருக்கிற கேள்வியக் கேளு" என்றார். விளையாட்டு என்றுதான் நினைத்தேன். ரயில் போனாலும் அதிகாரம் வந்ததே என்று ஏற்றுக்கொண்டேன். மாமாவின் பழைய கண்ணாடியை மாட்டிக்கொண்டு உயர நாற்காலியில் உட்கார்ந்தேன்.

யார்டில் மலாய்க்கார டிரைவர்களோடு அப்பா மணிக்கணக்கில் பேசிச் சிரிப்பவர். ஆனால் தாளில் இருந்தது வேறு மலாய், டை கட்டிய மலாய். நான் கேள்வியைப் படித்து முடிப்பதற்குள் அவர் கை வேலையை ஆரம்பித்துவிடும். வாய் மட்டும் திறக்காது.

"ஏன் அந்தப் பெட்டிய மொதல்ல எடுத்தீங்க?" என்று மலாயில் கேட்பேன்.

"அது வந்து... இது இங்க வந்தா, அது அங்க..."

"சாலா! தப்பு! முழு வாக்கியத்துல சொல்லுங்க!" எங்கள் மலாய் ஆசிரியை எங்களிடம் கேட்பதைத்தான் நான் அவரிடம் கேட்டேன்.

"சரி துவான்" என்று அப்பா மறுபடி தொடங்குவார். நெற்றியில் வியர்வை துளிர்க்கும்.

"ஏண்டி, பெத்த அப்பனை இப்படியா வெரட்டுறது?" என்று அம்மா உள்ளிருந்து குரல் கொடுப்பார்.

"நீ சும்மா இரு. துவான்னா அப்படித்தான் இருக்கணும்" என்பார் அப்பா.

இரண்டு வாரம் நான் அவரைத் தினமும் பெயிலாக்கினேன். அதில் எனக்கு ஒரு சந்தோஷம் இருந்ததை மறைக்க விரும்பவில்லை. என் வட்டத்தைப் பிடுங்கியவர் அல்லவா. ஆனாலும் அவர் கொஞ்சம் கொஞ்சமாகத் தேறி வந்தார். பாதி வாக்கியம் முக்கால் வாக்கியமானது.

அதற்குள் தெருவில் என் பெயர் கெட்டுப் போயிருந்தது. பிள்ளைகள் என்னைப் பார்த்தால் நாலு எட்டு முன்னால் வைத்து, மூன்று எட்டு பின்னால் வைத்து, "கூ" என்று கத்தினார்கள். பொறுக்க முடியாமல், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை ரயில் நிச்சயம் ஓடும் என்று மறுபடி அழைத்துவிட்டேன். அவர்கள் வந்து வாசலில் நின்றபோது அப்பா பலகை முன்னால் இருந்தார். மறுநாள் பரிட்சை என்பது எனக்குத் தெரியாது.

நான் நாற்காலியில் ஏறி உட்கார்ந்தேன். "பாஸ் வேணும்னா வட்டம் போட்டுத் தரணும்" என்றேன்.

அப்பா என்னைப் பார்த்தார், வாசலைப் பார்த்தார். "சரி துவான். ஆனா ஒரு தடவ முழுசா கேளு."

நான் கேள்வியை வேகவேகமாகப் படித்தேன். அவர் கைகள் நகர்ந்தன. எட்டுப் பெட்டியில் ஐந்தைச் சொன்ன வரிசையில் சேர்த்தார். ஒரு அசைவும் வீணில்லை. அதுவரை நான் பார்த்ததிலேயே அதுதான் மிக வேகம். ஏன் அப்படிச் செய்தீர்கள் என்று நான் கேட்க வேண்டிய இடம் வந்தது. அவரும் நிமிர்ந்து, உதட்டை ஈரப்படுத்திக்கொண்டு, பதிலுக்குத் தயாரானார். வாசலில் யாரோ "கூ" என்றார்கள்.

"லுலுஸ்!" என்றேன். தேர்ச்சி.

அப்பா அப்படியே இருந்தார். கை எஞ்சின் மேலேயே இருந்தது.

"இன்னொரு தடவ சொல்லும்மா."

"லுலுஸ், லுலுஸ். வட்டம் போடுங்கப்பா, எல்லாரும் நிக்கிறாங்க."

பத்து நிமிஷத்தில் வட்டம் போட்டார். ரயில் சுற்றிச் சுற்றி ஓடியது. பிள்ளைகள் கத்திய கத்தலில் பக்கத்து வீட்டுக்காரர் எட்டிப் பார்த்தார். என் மானம் திரும்பி வந்தது. அப்பாவும் சுவரில் சாய்ந்து நின்று சிரித்தார்.

அவர் ஓய்வு பெறும்வரை ஷண்டராகவே இருந்தார். ஏன் என்று நான் கேட்டதில்லை. நான் வேலைக்குப் போன பிறகுதான், பேச்சுவாக்கில் மாமா சொன்னார். "கை வேலையெல்லாம் கரெக்டா செஞ்சிட்டாராம்மா. வந்த ஆளு, ஏன் அப்படி செஞ்சேன்னு கேட்டிருக்கான். உங்கப்பா வாயே தொறக்கலையாம்."

அந்த ஒரு கேள்வியைத்தான் அன்று நான் கேட்காமல் விட்டேன். அவரைத் தினமும் விரட்டியபோது செய்த உதவியை, லஞ்சம் வாங்கிப் பாஸ் போட்ட அன்று நானே கெடுத்தேனோ என்று பல நாள் யோசித்திருக்கிறேன். அவருக்கு லுலுஸ் என்று சொன்ன ஒரே அதிகாரி நான்தான். இரண்டாம் முறை கேட்டாரே, அப்போதாவது கொஞ்சம் நிதானமாகச் சொல்லியிருக்கலாம்.