காதுக்குப் பின்னால் ஒரு பரிசோதனை

சோப்பிலும் பெயின்ட்டிலும் சேர்க்கிற ரசாயனத்தை மனித உடம்பு எந்த அளவுவரை தாங்கும் என்று கணக்குப் போடுவது என் பிழைப்பு. ஆபீஸ் தேனாம்பேட்டையில். எலிக்கு ஒன்றும் செய்யாத அளவை முதலில் எடுத்துக்கொள்வோம். மனுஷன் எலி இல்லையே என்று அதைப் பத்தால் வகுப்போம். மனுஷர்களிலும் சிலருக்குச் சட்டென்று ஒத்துக்கொள்ளாமல் போகும் என்பதால் இன்னொரு பத்தால் வகுப்போம். இப்படி வகுத்து வகுத்தே என் தலை நரைத்துவிட்டது.

அக்கா பெண்ணுக்கு வடபழனியில் கல்யாணம். தாய்மாமன் நான்தான் மேடையில் நின்று மாலை எடுத்துக் கொடுக்க வேண்டும். அவள் போனிலேயே கறாராகச் சொல்லிவிட்டாள்.

"மாமா, இந்த வெள்ளைத் தலையோட நின்னீங்கன்னா போட்டோல எனக்குத் தாத்தா மாதிரி இருப்பீங்க. ஒழுங்கா டை அடிச்சிட்டு வாங்க. இல்லன்னா பந்தியில சாப்பிட்டு அப்படியே கிளம்பிடுங்க."

அதுவரை நான் டை அடித்ததே இல்லை. டை பாக்கெட்டுக்குள் இருக்கும் தாளை முழுசாகப் படித்த ஒரே தமிழன் நானாகத்தான் இருப்பேன். காதுக்குப் பின்னால் ஒரு பொட்டு தடவி, தோலுக்கு ஒத்துக்கொள்கிறதா என்று இரண்டு நாள் கழுவாமல் பார்க்க வேண்டுமாம். தடவினேன். அந்தப் பக்கம் சாய்ந்து படுக்கவில்லை. போனைக்கூட மறு காதில்தான் வைத்தேன்.

இரண்டாம் நாள் சாயங்காலம் மனைவியிடம் காதைக் காட்டினேன்.

"ஐயோ, சுத்திலும் செவந்து கிடக்குதுங்க!"

அவள் சொல்லும்வரை அரிக்கவில்லை. சொன்ன மறுநிமிஷம் காது, கழுத்து, முதுகு என்று இறங்கி உள்ளங்கால்வரை அரித்தது. கண்ணாடியில் பார்த்து, "உதடு வீங்குது பாரு" என்றேன்.

"அது கல்யாணமான நாள்லேந்து அப்படித்தான் இருக்கு. அந்த ரெண்டாவது பத்து யாருக்காகன்னு இப்பதான் புரியுது. உங்களுக்காகத்தான்."

ஆட்டோ பிடித்து லஸ்ஸில் இருக்கும் தோல் டாக்டரம்மாவிடம் ஓடினோம். நான் எலியிலிருந்து ஆரம்பித்தேன். அவர் பஞ்சை நனைத்து ஒரே துடைப்பாகத் துடைத்தார். டை தடவிய கறுப்புப் பொட்டு அசையவில்லை. சுற்றியிருந்த சிவப்பு மொத்தமும் பஞ்சோடு வந்துவிட்டது.

"கோயிலுக்குப் போனீங்களா சார்?"

"சாயங்காலம், அம்மன் சன்னதிக்கு."

"குங்குமம் வெச்ச கையோட பூவை எடுத்துக் காதுல சொருகிக்கிட்டீங்களா?"

சொருகியிருந்தேன். மனைவி சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். டாக்டரம்மா சிரிப்பை அடக்கிக்கொண்டு, "தோலுக்கு ஒண்ணும் ஆகலை. தைரியமா அடிங்க" என்றார்.

மறுநாள் சலூனில் என் தலையைச் சாய்த்துப் பார்த்தவர், "இன்னா சார், காதாண்ட ஏற்கெனவே கொஞ்சம் அடிச்சிக்கீது? சாம்பிளா?" என்றார்.

"ஆமாம்பா, சாம்பிள் பாஸ். மீதியையும் அடி."

கல்யாணத்தன்று மாலையை நீட்டினேன். அக்கா பெண் என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

"கொஞ்சம் தள்ளி நில்லுங்க மாமா. யாரு மாப்பிள்ளைன்னு ஐயர் குழம்பிடப் போறாரு."

நான் ஓர் அங்குலம்கூட நகரவில்லை.