ஓர் அறிக்கையின் மூன்றாம் பிரதி

போன வாரம் முட்டிவலி என்று மலாக்காவில் பத்து பெரெண்டாம் என்கிற இடத்தில் ஒரு கிளினிக்குக்குப் போயிருந்தேன். உடற்பயிற்சி சொல்லித்தரும் பெண்ணுக்கு இருபத்தைந்து வயது இருக்கலாம். என் காலை மடக்கி நீட்டிப் பார்த்துவிட்டு, "ஆன்ட்டி, இந்த முட்டி இனிமே ரொம்ப லோட் தாங்காது லா. படியெல்லாம் ஏறாதீங்க" என்றாள். நானும் சமர்த்தாகத் தலையாட்டினேன். அதற்குப் பிறகு அவள் சொன்ன எதுவும் என் காதில் விழவில்லை. லோட் என்ற அந்த ஒரு வார்த்தையோடு எனக்குக் கார்பன் தாளின் வாசனை வந்துவிட்டது. அந்த அறையில் இருந்தது என்னவோ தைல வாசனைதான். ஆனால் என் மூக்கு என் பேச்சைக் கேட்பதை நிறுத்திப் பல வருஷமாகிறது.

கார்பன் தாள் என்றால் இப்போதுள்ள பிள்ளைகளுக்கு விளக்க வேண்டியிருக்கிறது. இரண்டு வெள்ளைத் தாளுக்கு நடுவே நீலமாக ஒரு மெல்லிய தாள். மேலே அடிப்பது கீழேயும் பதியும். மெழுகும் மண்ணெண்ணெயும் கலந்தாற்போல் ஒரு மணம். விரலில் ஒட்டினால் சவுக்காரம் போட்டுத் தேய்த்தாலும் போகாது. அந்த நீலத்தோடுதான் நான் சோறு பிசைந்தேன், கோயிலுக்குப் போனேன், மெர்டேக்கா என்ற சுதந்திர நாளையும் பார்த்தேன்.

காஜா பெராங்கில் ஒரு கடைவீட்டின் மாடியில் மிஸ் பிள்ளையின் தட்டச்சு நிலையம் இருந்தது. பள்ளிக்கூடத்தை முடித்த கையோடு அங்கே வேலைக்குச் சேர்ந்தேன். பெயரைக் கேட்டதும் என் அப்பாவுக்கு ஒரே குஷி. "நம்மாளுங்கதான்" என்று முதல் நாள் கூடவே வந்து தமிழில் குசலம் விசாரித்தார். மிஸ் பிள்ளை சிரித்துக்கொண்டே மலாயில் பதில் சொன்னார். மலாக்கா செட்டிகள் வீட்டில் சாமி பெயர் தமிழாக இருக்கும், மாமன் மச்சான் பெயர் தமிழாக இருக்கும், பேச்சு மட்டும் மலாய். கெபாயாச் சட்டையும் சாரோங் கைலியும் உடுத்திய அந்த அம்மாளுக்கு அப்போது முப்பத்தைந்து வயது. நாலு இயந்திரங்களையும் எங்கள் இரண்டு பேரையும் அவர் ஒற்றைப் பார்வையில் மேய்ப்பார்.

அவர் எனக்குச் சொன்ன முதல் பாடமும் கடைசிப் பாடமும் ஒன்றுதான். "ஜாங்ஙான் பாச்சா. தைப் சாஜா." படிக்காதே, அடி. படித்தால் வேகம் குறையும் என்பது ஒரு காரணம். இன்னொன்று, எங்களிடம் வருவதெல்லாம் ஊரார் விவகாரம். யார் வீட்டில் பாகப்பிரிவினை, யாருக்கு என்ன நோய் என்பதையெல்லாம் படித்துவிட்டால் வாய் சும்மா இருக்காது. மூன்றே மாதத்தில் நான் தேறிவிட்டேன். எழுத்து கண்ணில் நுழையும், விரல் வழியாக வெளியே போய்விடும். நடுவில் மனசு என்றொரு ஊர் இருப்பதே அதற்குத் தெரியாது. நிமிஷத்துக்கு எத்தனை வார்த்தை என்று கேட்காதீர்கள், தற்பெருமை ஆகிவிடும்.

நிலையத்துக்கு எதிர்வீட்டில் மூன்று இளைஞர்கள் சேர்ந்து வாடகைக்கு இருந்தார்கள். டாக்டர் ஹமீது, வக்கீல் துரைராஜ், இன்ஜினியர் ஞானம். ஹமீதின் குடும்பம் டவுனில் மூன்று தலைமுறையாகத் துணிக்கடை வைத்திருந்தது. மற்ற இருவரும் வேறு ஊரிலிருந்து வேலைக்கு வந்தவர்கள். பட்டம் வாங்கியவர்களை அதுவரை நான் போட்டோவில்தான் பார்த்திருந்தேன், தலையில் அந்தக் கறுப்புத் தொப்பியோடு. நேரில் பார்த்தபோது தொப்பி இல்லை. ஆனால் படித்த படிப்பு வாயை விட்டு இறங்கவே இல்லை. டாக்டருக்கு நாலு நாளாக விடாத மழை 'குரோனிக்' மழை. சம்பல் காரம் என்றால் 'அக்யூட்'. வக்கீல் தன் சட்டையைக் காணவில்லை என்றால்கூட 'மேற்படி சட்டை' என்பார். ஞானத்துக்கு உலகத்தில் இரண்டே கேள்வி. இது எதன்மேல் நிற்கிறது? எவ்வளவு தாங்கும்?

மெர்டேக்கா அன்று காலையில் அவர்கள் வீட்டு வானொலியை ஜன்னலில் தூக்கி வைத்தார்கள். தெருவே நின்று கேட்டது. அறிவிப்பு முடிந்து எல்லாரும் கத்தி ஓய்ந்த பிறகு டாக்டர் சொன்னார், "சுகப்பிரசவம். தாயும் சேயும் நலம்." வக்கீல், "சாவி கைக்கு வந்தாச்சு. இனிமே ஓட்டுல ஓட்டை விழுந்தா வீட்டுக்காரன்தான் பொறுப்பு" என்றார். ஞானம் மட்டும் யோசித்துக்கொண்டே, "கான்கிரீட் இப்பத்தான் ஊத்தியிருக்கு. தண்ணி விட்டு இருபத்தெட்டு நாளாச்சும் இறுகவிடணும். அதுக்குள்ள யாரும் மேல ஏறிக் குதிக்கக்கூடாது" என்றார். என் அம்மா பக்கத்தில் நின்று, "படிச்சவனுங்க வாயில சந்தோஷம்கூட வேற பேருல வருது பாரு" என்றாள். நான் சிரித்தேன். ஆனால் அன்று முழுவதும் அந்த இருபத்தெட்டு நாள் என் மண்டைக்குள் ஓடிக்கொண்டிருந்தது.

ஞானம் வாரத்தில் இரண்டு நாள் மாடிக்கு வருவார். சாலை, பாலம், மண் பரிசோதனை என்று கையால் எழுதிய அறிக்கைகளைக் கொண்டுவருவார். "பசியாறிட்டீங்களா மிஸ்?" என்று ஆரம்பித்து, சட்டைப்பையிலிருந்து கச்சாங் பூத்தே என்ற கடலைப் பொட்டலம் ஒன்றை எடுத்து இயந்திரத்தின் பக்கத்தில் வைப்பார். ஒருநாள், மேசையில் அதெல்லாம் வைக்கக் கூடாது, முதலாளியம்மா திட்டுவார் என்றேன். அவர் ரொம்பவும் பொறுப்பாக, "இது லைவ் லோட் மிஸ். நிரந்தரமா நிக்காது. நீங்க சாப்பிட்டா எறங்கிடும்" என்றார். நான் சாப்பிட்டேன். அவர் அறிக்கைகளை அடித்து அடித்து எனக்கும் அந்த வார்த்தைகளெல்லாம் பழக்கமாயின. அர்த்தம் ஒட்டவில்லை, சத்தம் ஒட்டிக்கொண்டது. அவர் வரும் நாளில் நான் நல்ல சட்டையாகப் பார்த்துப் போட்டுக்கொள்வேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். இந்த வயதில் மறைத்து என்ன ஆகப்போகிறது?

மெர்டேக்காவுக்குப் பிறகு குடியுரிமை மனுக்காரர்கள் வர ஆரம்பித்தார்கள். புக்கிட் ரம்பாய் பக்கத்து ரப்பர் தோட்டங்களிலிருந்து லாரியில் வந்து இறங்கி, படிக்கட்டு முழுக்க நிற்பார்கள். பிறந்த ஊர், வந்த கப்பல், இருக்கும் இடம் எல்லாவற்றையும் கேட்டுக் கேட்டு அடிக்க வேண்டும். அப்படி ஒரு நெரிசலான நாளில் ஞானம் வந்தார். அன்று கச்சாங் பூத்தே இல்லை. இரண்டு பக்கம் எழுதியதை என் காகிதத் தட்டில் வைத்து, "அவசரமில்ல மிஸ். நீங்களே அடிங்க, வேற யார்கிட்டயும் கொடுக்காதீங்க" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போய்விட்டார்.

நானேதான் அடித்தேன். ஒரு மனுவுக்கும் இன்னொரு மனுவுக்கும் நடுவில் அடித்தேன். பெறுநர் பெயர் எழுதாமல் விட்டிருந்தது. அரசாங்கக் கடிதங்களில் அது வழக்கம்தான், பிற்பாடு நிரப்பிக்கொள்வார்கள். வழக்கம்போல் ஆறு வரி இடம் விட்டேன். வழக்கம்போல் மூன்று பிரதி.

சாயங்காலம் வந்தார். கையில் கொடுத்து, "ரெடி சார். கையெழுத்துப் போட்டா போதும்" என்றேன்.

அவர் தாளைப் பார்க்கவில்லை, என்னையே பார்த்தார். "முழுசா அடிச்சிட்டீங்களா மிஸ்?"

"ஆமா சார்."

"ஒண்ணும்... மாத்த வேணாமா?"

"ஒண்ணும் வேணாம் சார். ரெண்டாவது பக்கத்துல ஒரு கமா விட்டுட்டீங்க. நானே போட்டுட்டேன்."

வரிசையில் இருந்த தோட்டத்து அம்மா ஒருத்தி அவரைத் தள்ளிக்கொண்டு என் மேசைக்கு வந்தாள். "சரி மிஸ், தேங்க்ஸ்" என்று இரண்டு பிரதிகளை எடுத்துக்கொண்டு இறங்கினார். மூன்றாவது எங்கள் கோப்புக்கு. அது நிலையத்தின் விதி.

அதற்குப் பிறகு அவர் என் கண்ணில் படவில்லை. ஒரு மாதம் கழித்து, கிளந்தானுக்கு மாற்றலாகிப் போய்விட்டார் என்று டாக்டர் சொன்னார். ஞானம் போகுமுன் நான் சாப்பிடப் போயிருந்த நேரமாகப் பார்த்து வந்து மிஸ் பிள்ளையிடம் மட்டும் சொல்லிக்கொண்டு போயிருந்தார். எனக்குக் கோபம் வந்தது. ஒரு வார்த்தை சொன்னால் என்ன குறைந்துவிடும் என்று இரண்டு வாரம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தேன்.

வருஷக் கடைசியில் பழைய பிரதிகளைக் கட்டி எரிப்பது வழக்கம். தரையில் உட்கார்ந்து ஒவ்வொரு கோப்பாகப் பிரித்துக்கொண்டிருந்தேன். கை சும்மா இருந்தது. அதனால்தானோ என்னவோ, கண் படிக்க ஆரம்பித்துவிட்டது.

ஆங்கிலத்தில் இருந்ததைத் தமிழில் சொல்கிறேன். பொருள்: நிரந்தர அமைப்பு ஒன்றுக்கான முன்மொழிவு. பதினான்கு மாதங்களாக வாரம் இருமுறை இடம் நேரில் பார்வையிடப்பட்டது. அடித்தளம் உறுதியானது. எந்தப் பருவத்திலும் அசைவு காணப்படவில்லை. தற்காலிகக் கட்டுமானம் இந்த இடத்துக்கு ஏற்றதல்ல. பாரத்தை இரண்டு தூண்கள் சமமாகப் பகிர்ந்துகொள்ளும் அமைப்பு பரிந்துரைக்கப்படுகிறது. ஒப்புதல் கிடைத்தால் இரு வீட்டுப் பெரியவர்களையும் சந்திக்க உத்தேசம். அதன் கீழே ஒரு குறிப்பு: இந்த அறிக்கையைத் தட்டச்சு செய்பவரின் பெருவிரலில் எப்போதும் நீலக் கறை இருக்கும். இது அறிக்கைக்குத் தொடர்பற்றது, எனினும் பதிவு செய்யப்படுகிறது. அந்த 'எனினும்' என்ற சொல்லுக்கு முன்னால் இருந்தது நான் போட்ட கமா.

நான் அசையாமல் இருந்ததைப் பார்த்து மிஸ் பிள்ளை, "ஆப்பா ஹால்?" என்றார், என்ன ஆயிற்று என்று. என்ன விஷயமென்று நான் மலாயில் சொல்லப் பார்த்தேன். எனக்குத் தெரிந்த மலாயில் அடித்தளமும் இல்லை, முன்மொழிவும் இல்லை. திக்கித் திணறி இரண்டு வரி சொல்வதற்குள் அவர் தலையில் அடித்துக்கொண்டார். "டியா மாவ் காவின் சாமா லூ லா, போடோ!" உன்னைக் கட்டிக்கொள்ளத்தானடி கேட்டிருக்கிறான், மடச்சி! இரண்டு பக்க அறிக்கை அவர் வாயில் ஒரே மூச்சில் முடிந்துவிட்டது. பிறகு என் பக்கத்திலேயே தரையில் உட்கார்ந்து, படிக்காதே என்று சொல்லிக்கொடுத்தவள் தான்தானே என்று அழுதார். நானும் அழுதேன்.

அன்றே பதில் எழுத உட்கார்ந்தேன். இயந்திரத்தில் தாளைச் செருகினால் விரல் தானாக, 'தங்கள் கடிதம் கிடைக்கப்பெற்றது, அது தொடர்பாகப் பணிவுடன்' என்று போகிறது. கிழித்துவிட்டு மறுபடி ஆரம்பித்தால் வக்கீலின் 'மேற்படி' வருகிறது. இன்னொரு தாளில் டாக்டரின் வியாதி வார்த்தை ஒன்று வந்து நின்றது. படித்தவர்களுக்காவது ஆளுக்கு ஒரு படிப்பின் பாஷை இருந்தது. எல்லார் பாஷையையும் அடித்துக் கொடுத்த என்னிடம் என்னுடையது என்று ஒரு வரி இல்லை. கடைசியில் பேனாவை எடுத்துத் தமிழில் எழுதினேன். 'அன்றைக்கு நான் படிக்கவில்லை. இன்றைக்குத்தான் படித்தேன். எனக்குச் சம்மதம்.' டாக்டரிடம் விலாசம் வாங்கி அனுப்பினேன்.

மூன்று வாரம் கழித்துப் பதில் வந்தது. அவரும் தமிழில் எழுதியிருந்தார். அதற்கு முன் அவர் தமிழில் எழுதி நான் பார்த்ததே இல்லை. லோட் இல்லை, தூண் இல்லை. அவர் படித்த படிப்புக்கு அவருக்குத் தெரிந்த தமிழில் வார்த்தை கிடையாது, அதனால் மனசில் இருந்தது மட்டும் தாளில் இருந்தது. 'போன மாதம் எனக்குக் கல்யாணம் ஆகிவிட்டது. நீங்கள் கமாவைச் சொன்னபோது, வேண்டாம் என்பதை இவ்வளவு நயமாகச் சொல்கிறார்களே என்று நினைத்துக்கொண்டேன். எனக்கு உங்களை ரொம்பப் பிடித்திருந்தது. அதை அப்படியே எழுதியிருக்கலாம். எனக்குத் தெரியவில்லை.' அவ்வளவுதான் கடிதம்.

பிறகு எனக்கும் கல்யாணம் நடந்தது. பஸ் டிக்கெட் பரிசோதகர், தங்கமான மனிதர். வீட்டில் யாராவது தாமதித்தால் 'லேட் ரன்னிங்' என்பார். அவரும் போய்ப் பத்து வருஷமாகிறது. மிஸ் பிள்ளையின் மாடியில் இப்போது கைப்பேசி விற்கிறார்கள். எதிர்வீட்டை இடித்துவிட்டுச் சுற்றுலா பஸ்களுக்கு இடம் ஒதுக்கியிருக்கிறார்கள். யாரும் யாருக்காகவும் கடிதம் அடித்துக் கொடுப்பதில்லை. நல்லதுதான். அவரவர் கடிதத்தை அவரவரே அடிக்கிறார்கள், வந்ததை அப்போதே படித்தும்விடுகிறார்கள்.

அந்தத் தமிழ்க் கடிதம் நாங்கள் புக்கிட் காதிலுக்கு வீடு மாற்றியபோது எங்கேயோ தவறிவிட்டது. பெட்டி பெட்டியாகக் கொட்டித் தேடினேன். கணவர் என்ன தேடுகிறாய் என்று கேட்டபோது, பழைய ரசீது என்றேன். அதில் இருந்த வரிகள் ஒன்றுவிடாமல் எனக்கு மனப்பாடம். ஆனால் பதினான்கு மாதம், வாரம் இருமுறை, நான் வரி வரியாகப் பார்த்துப் பார்த்து அடித்த அந்த மனிதரின் கையெழுத்து எப்படி இருக்கும் என்று எவ்வளவு யோசித்தும் எனக்கு நினைவுக்கு வருவதில்லை.